மாணவர் ஆலோசகரா, கிளினிக்கா, 1926 தொலைபேசி இலக்கமா? வன்னியில் படிப்பவர் முதலில் எங்கே போவது

நித்திரை வரவில்லை, படிப்பு ஏறவில்லை, வீட்டுக்குப் போகவும் மனமில்லை என்று ஒரு பிள்ளை வாய்திறந்தால் சுற்றியிருப்பவர்கள் ஆளுக்கொரு திசையைக் காட்டுவார்கள். அறைத் தோழி "சேரிட்டப் போய்ச் சொல்லடி" என்பாள். அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வான். அம்மா வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைப்பா. எல்லாம் அக்கறையில் வருகிற பேச்சுத்தான். ஆனால் இந்த இடங்கள் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. ஓரிடத்தில் கடிதம் கிடைக்கும், மருந்து கிடைக்காது. இன்னோரிடத்தில் மருந்து கிடைக்கும், விடுதி அறை மாறாது. மூன்றாவது இடத்தில் நடுச்சாமத்திலும் காது கொடுப்பார்கள், ஆனால் பரீட்சைக் கிளைக்குக் காட்ட ஒரு துண்டுக் காகிதமும் தரமாட்டார்கள்.

பக்கத்தில் எது இருக்கிறதோ அங்கே போவதுதான் வழக்கமாக நடக்கிற பிழை. திரும்பி வரும்போது கையில் என்ன இருக்க வேண்டும், அதை யார் யார் அறிந்தால் பரவாயில்லை என்ற இரண்டையும் முதலில் தீர்த்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். கீழே வருவது பம்பைமடுவிலுள்ள வவுனியாப் பல்கலைக்கழகத்திலும், கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடங்களிலும், வவுனியாவின் உயர் தொழில்நுட்ப நிறுவனம், கல்வியியற் கல்லூரி, தொழில்நுட்பக் கல்லூரி போன்றவற்றிலும் படிப்பவர்களை மனதில் வைத்து எழுதியது.

மாணவர் ஆலோசகர் உளவளத்துணையாளர் அல்ல

பெயரைப் பார்த்து ஏமாறுகிற இடம் இதுதான். பல்கலைக்கழகத்தில் "மாணவர் ஆலோசகர்" என்றால் ஒரு விரிவுரையாளர். தன் பாட நேரத்துக்கு மேலதிகமாக இந்தப் பொறுப்பையும் ஏற்றிருப்பவர். உளவளத்துணையில், அதாவது மனக்கஷ்டத்தைக் கேட்டுப் பேசி ஆற்றுப்படுத்துவதில், பயிற்சி பெற்றிருக்கலாம், பெறாமலும் இருக்கலாம். விடுதிப் பிரச்சினை, சண்டை, பகிடிவதை என்று வந்தால் அவரே விசாரணைப் பக்கத்திலும் நிற்க வேண்டி வரும். நாளைக்கு உங்கள் விடைத்தாளைத் திருத்துபவராகவும் அவர் இருக்கலாம்.

இதனால் அவர் பயனற்றவர் என்று ஆகாது. அவருடைய பலம் அதிகாரம். அறை மாற்றம், வரவுக் குறைவு, தவறிய செய்முறை வகுப்பு, பீடாதிபதிக்குப் போக வேண்டிய கடிதம் எல்லாம் அவர் பேனை தொட்டால் நகரும். பெரும்பாலான கற்கைநெறிகளில் 80 சதவீத வரவு கேட்கிறார்கள். அதற்குக் கீழே போகப்போகிறது என்று தெரிந்த கிழமையே அவரிடம் போகவேண்டும். பரீட்சை அனுமதி அட்டை வராத பிறகு போனால் அவராலும் செய்யக்கூடியது சொற்பம்.

போகும்போது கண்ணீரை மட்டும் கொண்டுபோகாதீர்கள், ஒரு பக்கக் காகிதமும் கொண்டுபோங்கள். அதில் இருக்க வேண்டியது இவ்வளவுதான்: பதிவிலக்கம், பாடக் குறியீடு, எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதிவரை வரவில்லை, ஒரே வரியில் காரணம், கடைசியில் என்ன கேட்கிறீர்கள். "எனக்கு உதவி செய்யுங்கள்" என்று முடிகிற கடிதம் மேசையிலேயே கிடக்கும். "மார்ச் 14 முதல் 28 வரை தவறிய நான்கு செய்முறை வகுப்புகளையும் அடுத்த குழுவோடு செய்ய அனுமதி வேண்டுகிறேன்" என்று முடிகிற கடிதத்துக்கு யாராவது ஆம் அல்லது இல்லை என்று எழுதியே ஆகவேண்டும். ஒரு பிரதியில் கிடைத்த திகதியைப் போட்டு ஒப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் நடந்தது, காதல் முறிந்தது, உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்பதையெல்லாம் அவரிடம்தான் சொல்லவேண்டும் என்றில்லை. சில ஆலோசகர்கள் பொன்னானவர்கள். என்றாலும் இரகசியத்தை ஆளின் குணத்தை நம்பி விடுவதைவிட, இரகசியம் காப்பதையே தொழிலாகக் கொண்டவரிடம் விடுவது பாதுகாப்பு. உங்கள் நிறுவனத்தில் பயிற்சி பெற்ற உளவளத்துணையாளர் தனியாக இருக்கிறாரா என்று மாணவர் நலச்சேவைப் பகுதியிலோ மருத்துவ நிலையத்திலோ கேளுங்கள். இருந்தால் அவர்தான் பேசுவதற்கான ஆள், மாணவர் ஆலோசகர் காகிதத்துக்கான ஆள்.

மருத்துவச் சான்றிதழ் எங்கே பிழைக்கிறது

பரீட்சை தவறியவர்களுடைய கதை பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் இருக்கும். அன்று எழும்ப முடியவில்லை. இரண்டு நாள் கழித்து ஊரிலுள்ள தனியார் டிஸ்பென்சரியில் ஒரு துண்டு எழுதி வாங்குகிறார்கள். பெறுபேறு வந்த பிறகு கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். அது நிராகரிக்கப்படுகிறது, அடுத்த முறை எழுதும்போது மீள்பரீட்சார்த்தி என்ற கணக்கில் புள்ளிக்கு உச்சவரம்பு வருகிறது.

சரியான ஒழுங்கு வேறு. இயலாமல் போன அன்றே பீடத்துக்கோ மருத்துவ நிலையத்துக்கோ தொலைபேசியில் சொல்லி, மின்னஞ்சலும் அனுப்புங்கள். அரச வைத்தியசாலையில் காட்டுங்கள். சான்றிதழைப் பல்கலைக்கழக வைத்திய அதிகாரியிடம் ஒப்புவியுங்கள். எத்தனை நாளுக்குள் என்பது மாணவர் கைநூலில் இருக்கும். முந்திய அணி அண்ணாமார் சொல்வதை நம்ப வேண்டாம். பம்பைமடு 2021 ஓகஸ்ட் 1 வரை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம், அதன் பிறகு தனிப் பல்கலைக்கழகம். வாய்வழியாக வருகிற விதிகள் எந்தக் காலத்து விதி என்று தெரியாது. நேரில் போக முடியாவிட்டால் வீட்டார் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருக்கலாம்.

மனநலக் காரணம் என்றால் நோயை எவ்வளவு விரிவாக எழுதுவது என்பதைச் சான்றிதழ் எழுதும் முன்பே வைத்தியரோடு பேசிக்கொள்ளுங்கள். எழுதி முத்திரை குத்திய பின் மாற்றக் கேட்பது கரைச்சல்.

ஆஸ்பத்திரி மனநலப் பிரிவு

வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் நான்கு மாவட்டங்களிலும் மாவட்டப் பொது வைத்தியசாலை உண்டு. முல்லைத்தீவில் உள்ளதை ஊரவர் மாஞ்சோலை ஆஸ்பத்திரி என்பார்கள். மனநலச் சிகிச்சை இலவசம். மாணவர்கள் அதிகம் பயப்படுவதும் இதற்கே, அதிகம் பயன் கிடைப்பதும் இங்கேயே என்பது எங்கள் கணிப்பு.

யார் போகவேண்டும்? இரண்டு கிழமைக்கு மேலாக நித்திரை, சாப்பாடு, படிப்பு மூன்றும் ஒன்றாகக் குழம்பியிருப்பவர். இதயம் படபடத்து மூச்சு முட்டி வகுப்பை விட்டு எழும்பி ஓடுகிறவர். யாரும் பேசாதபோதும் குரல் கேட்கிறவர். இரண்டு மூன்று நாள் நித்திரையே இல்லாமல் ஓயாத உசாரில் திரிகிறவர். கடைசி இரண்டு வகைக்கும் பேச்சு மட்டும் போதாது, தாமதிக்கவும் கூடாது.

முதல் நாள் நேரே மனநலப் பிரிவுக்குப் போனாலும், வெளிநோயாளர் பிரிவால் அனுப்பினாலும், கையில் ஒரு கிளினிக் கொப்பி வரும். கிளினிக் நாட்களை முன்பே தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போனால் ஒரு நாள் வீணாகாது. காலையிலேயே போய் இலக்கம் எடுங்கள். வாங்கில் காத்திருப்பது நீளும், தண்ணீர்ப் போத்தலும் ஏதாவது சாப்பாடும் கையில் இருக்கட்டும். வைத்தியர் கேட்பது பெரும்பாலும் சாதாரணக் கேள்விகள்: எப்போதிருந்து, எத்தனை மணிக்கு நித்திரை, என்ன மருந்து பாவிக்கிறீர்கள், குடியோ வேறு பழக்கமோ உண்டா, வீட்டில் யாருக்காவது இப்படி இருந்ததா, உயிரை விடும் எண்ணம் வந்ததா. கடைசிக் கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்கள். இரத்தப் பரிசோதனை எழுதினால் மறுக்க வேண்டாம். இரத்தச்சோகையும் தைரொயிட் குறைபாடும் மனச்சோர்வு போலவே முகம் காட்டும்.

மருந்து தந்தால் தெரிந்திருக்க வேண்டியது ஒன்று. மனச்சோர்வுக்கான ப்ளுவொக்செட்டின், செர்ட்ராலின் போன்ற குளிசைகள் போட்ட அன்று வேலை செய்யா. பயன் தெரிய இரண்டு முதல் நான்கு கிழமை எடுக்கும். ஓங்காளமும் தலையிடியும் முதல் கிழமையிலேயே வந்துவிடும். அதாவது கெடுதல் முதலில், நன்மை பிறகு. பத்தாம் நாள் "இது எனக்கு ஒத்துவரேல்ல" என்று நிற்பாட்டுகிறவர்கள், இன்னும் ஒரு கிழமை பொறுத்திருந்தால் வந்திருக்கக்கூடிய பலனைக் கைவிடுகிறார்கள். சுகம் வந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வார்கள். திடீரென நிறுத்தினால் தலைசுற்றும், நித்திரை கெடும். இவை பழக்கமாகிப்போகிற மருந்துகள் அல்ல. அந்த ஆபத்து உள்ளவை நித்திரைக் குளிசைகள். அவற்றைச் சில நாளுக்கு மேல் கடையில் தொடர்ந்து வாங்கவும் கூடாது, அறைத் தோழனிடம் கடன் வாங்கவும் கூடாது.

அடுத்த சிக்கல் விடுமுறை. பம்பைமடுவில் படிக்கும் புதுக்குடியிருப்புப் பிள்ளை வவுனியாவில் கொப்பி திறந்திருக்கும். மூன்று கிழமை விடுமுறையில் ஊருக்குப் போகும். இரண்டாவது கிழமையில் குளிசை முடியும். கிளினிக்குக்கு வர நாள் முழுக்கப் பயணம், அதோடு அம்மாவுக்கு விளக்கம் சொல்ல வேண்டும். போவதற்கு முன் வைத்தியரிடம் திகதியைச் சொன்னால் கூடுதல் நாளுக்கு எழுதலாம், அல்லது மாஞ்சோலையில் தொடர ஒரு கடிதம் தருவார். பரீட்சை அட்டவணை வந்த உடனேயே கிளினிக் திகதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள், இரண்டும் ஒரே காலையில் விழுவது அடிக்கடி நடக்கும்.

இனி மறைக்க முடியாத குறை. வன்னி சிறிய ஊர். வாங்கில் பக்கத்தில் இருப்பவர் உங்கள் ஊர்ச் சங்கக்கடை அண்ணையாக இருக்கலாம். இதற்கு ஒரு வழி உண்டு. அரச ஆஸ்பத்திரிக்கு மாவட்ட எல்லை கிடையாது. கிளிநொச்சிப் பிள்ளை வவுனியாவில் காட்டலாம், வவுனியாப் பிள்ளை கிளிநொச்சிக்குப் போகலாம். பஸ் காசும் ஒரு நாளும் கூடப் போகும், ஆனால் அந்த விலைக்குக் கிடைக்கும் நிம்மதி பலருக்குப் பெரிது. தனியாரில் சனல் பண்ணினால் கூட்டம் குறைவு, நேரம் தெரியும். மாதாமாதம் கட்டணமும் மருந்துக் காசும் தாங்குமா என்பதை முதல் நாளே கணக்குப் பாருங்கள். இரண்டு முறை தனியாரில் காட்டி, காசு முடிந்து, மூன்று மாதம் ஒன்றுமில்லாமல் இருப்பதைவிட ஆரம்பத்திலேயே அரச கிளினிக் மேல்.

பிரதேச செயலகம்

பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உதவியாளர்கள் இருக்கிறார்கள் என்பது மாணவர் பலருக்குத் தெரியாது. நோய் என்ற பெயர் இங்கே தேவையில்லை. அப்பாவின் குடி, அம்மாவின் நுண்கடன், படிப்பை நிறுத்திக் கலியாணம் பேசுவது என்று பிரச்சினை வீட்டில் இருந்தால் ஆஸ்பத்திரியைவிட இது பொருத்தம், ஏனென்றால் வீட்டாரோடும் பேச இவர்களால் முடியும். அதே கட்டடத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரும் சமூக சேவை உத்தியோகத்தரும் இருப்பார்கள். வேலைநாள், வேலைநேரம் மட்டும்தான். களத்துக்குப் போயிருப்பார், எடுத்துக் கேட்டுவிட்டுப் போங்கள். தனி அறை இல்லாமல் மேசைப் பக்கத்தில் கதைக்கச் சொன்னால், தயங்காமல் வேறு நேரம் கேளுங்கள்.

தொலைபேசி இலக்கங்கள்

1926 தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், 24 மணி நேரமும் இயங்குகிறது. ஆஸ்பத்திரியோடு தொடர்புள்ளது என்பதால் எந்த அறிகுறிக்கு எங்கே போவது என்று வழிகாட்ட முடியும். 1333 மனம்விட்டுக் கதைப்பதற்கான இலவச இலக்கம். எங்கே காட்டுவது என்று தெரியாமல் நின்றால் 1926, யாராவது கேட்டால் போதும் என்றிருந்தால் 1333. எதிர்முனையில் வேறு மொழி கேட்டால் துண்டித்துவிடாதீர்கள், "தமிழ்" என்று சொல்லிக் காத்திருங்கள், அல்லது சிறிது நேரம் கழித்துத் திரும்ப எடுங்கள்.

நாலு பேர் அறையில் இரவு பத்து மணிக்கு எப்படிக் கதைப்பது என்பதுதான் உண்மையான தடை. விடுதி முற்றம், மொட்டைமாடிப் படி, நூலக வெளி வாங்கு என்று ஓரிடத்தைப் பகலிலேயே பார்த்து வையுங்கள். நண்பனுக்காகவும் இந்த இலக்கங்களை எடுக்கலாம், அவனுடைய பெயரைச் சொல்லவேண்டியதில்லை.

பொறுக்க முடியாத நேரம்

ஒருவர் சாகப்போவதாகச் சொன்னால், அல்லது பொருட்களைப் பகிர்ந்து கொடுத்து விடைபெறுவது போல் நடந்தால், மேலே சொன்ன ஒப்பீடு ஒன்றும் வேண்டாம். "உயிரை மாய்க்க யோசிக்கிறியா?" என்று நேரே கேளுங்கள். கேட்பதால் எண்ணம் புதிதாக முளைக்காது. தனியே விடாதீர்கள். 1990 இலவச அம்புலன்சை அழையுங்கள், அல்லது ஓட்டோ பிடித்து அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். வார்டனுக்குச் சொல்லுங்கள். "ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்" என்ற வாக்கு இந்த இடத்தில் செல்லாது. பிள்ளை வீட்டுக்குத் திரும்பும்போது, வயல் வீடென்றால் களைநாசினியும் பூச்சிமருந்தும் வேறு வீட்டுக்குப் போகவேண்டும். கொட்டிலில் ஒளிப்பது போதாது, பிள்ளைக்குக் கொட்டில் தெரியும்.

பொலிஸ் வழக்காகிவிடும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாத வீடுகள் இன்னும் உண்டு. தற்கொலை முயற்சி குற்றம் என்ற சட்டப்பிரிவு இலங்கையில் 1998 இலேயே நீக்கப்பட்டுவிட்டது.

பகிடிவதை

அதே 1998 இல் வந்ததுதான் 20 ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம். பகிடிவதைக்கு இரண்டு வருடம் வரை, பாலியல் துன்புறுத்தலோ கடுங்காயமோ சேர்ந்தால் பத்து வருடம் வரை சிறை. சட்டம் பல்கலைக்கழகத்துக்கு மட்டுமல்ல, ஏனைய உயர்கல்வி நிறுவனங்களுக்கும் பொருந்தும்.

உள்ளே முறையிடுவதா, வெளியே போவதா? அறை மாற்றமும் பாதுகாப்பும் உடனே வேண்டுமென்றால் மாணவர் ஆலோசகர், வார்டன். உள்ளே சொல்லியும் அசையவில்லை, அல்லது உள்ளே சொன்னது செய்தவர்களின் காதுக்குப் போய்விட்டது என்றால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு. அடி விழுந்திருந்தாலோ உடலில் கை வைத்திருந்தாலோ முதலில் ஆஸ்பத்திரி, பிறகு பொலிஸ். ஏனென்றால் காயம் ஆறிவிடும், வைத்தியப் பதிவு ஆறாது. வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல், திகதியும் இலக்கமும் தெரிய ஸ்கிரீன்ஷொட் எடுத்து வீட்டிலுள்ள ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். பெண் பிள்ளைகளுக்கு 1938 மகளிர் உதவி இலக்கமும் உண்டு. படங்களை வைத்து மிரட்டினால் காசு கொடுக்காதீர்கள். ஒருமுறை கொடுத்தவரிடம் இரண்டாம் முறையும் கேட்பார்கள்.

காசு

மனச்சுமை என்று வருவதில் ஒரு பங்கு வெறும் காசுச் சுமை. அதற்கு உளவளத்துணையாளர் என்ன செய்வார்? பல்கலைக்கழக மாணவருக்கான மாதாந்த உதவித்தொகைகளான மகாபொல, பர்சரி இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். 2025 வரவு செலவுத் திட்டத்தில் மகாபொல 5000 ரூபாயிலிருந்து 7500 ஆகவும், பர்சரி 4000 இலிருந்து 6500 ஆகவும் கூட்டப்பட்டன. ஆயிரம் ரூபாய் வித்தியாசத்துக்காக மகாபொல முடிவு வரும்வரை பர்சரி விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள். முடிவு உங்களுக்குச் சாதகமாக வராவிட்டால், அதற்குள் மற்றதன் திகதியும் போய்விடும். வங்கிக் கணக்கிலும் அடையாள அட்டையிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பணம் தாமதிப்பதில் இந்த அற்பக் காரணத்துக்குப் பெரிய பங்கு.

வன்னிப் பிள்ளைகள் பலர் தடக்கி நிற்பது விண்ணப்பத்தின் ஒரு கட்டத்தில். "தந்தையின் தொழில், வருமானம்." 2009 இல் காணாமற்போன தகப்பனுக்கு அங்கே என்ன எழுதுவது? "இறந்துவிட்டார்" என்று எழுதினால் மரணச் சான்றிதழ் கேட்பார்கள், அதை எடுக்க அம்மா சம்மதிக்கமாட்டா. வெறுமையாக விட்டால் முழுமையற்ற விண்ணப்பம் என்று திரும்பி வரும். மரணப் பதிவுச் சட்டத்துக்கு 2016 இல் வந்த திருத்தத்தின்படி மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணப்படாமைச் சான்றிதழ் எடுக்கலாம். அது ஆளை இறந்தவராக்காது. கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் விசாரித்துத் தொடங்க வேண்டும், ஒரு நாளில் முடிகிற வேலை அல்ல. விண்ணப்பத் திகதி அறிவித்த பிறகு ஓடினால் கிடைக்காது. வெட்டுப்புள்ளி வந்து அனுமதி உறுதியான கிழமையே அம்மாவோடு இருந்து கதைத்து, கிராம அலுவலரைக் காணும் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்.